கழித்த ஒன்று

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி சன்னிதியில், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் செய்த சத்தியம். சுட்ட தழும்புகூட இருக்கிறது. எந்தக் கை என்பது மட்டும்தான் இப்போது நிச்சயமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு, ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ராஜபாளையத்தில் சங்கரலிங்கத்தின் வீட்டு முன்னறையில் இருந்த கம்ப்யூட்டர், நாலு பேரை எண்ணிவிட்டு ஐந்து என்றது.

நாலு பேர் யாரென்றால், சங்கரலிங்கம், அவன் மனைவி வேலுத்தாய், அவளுடைய அப்பா ஐயாதுரை, ஏழு வயது மகள் பரிபூரணம். பூரணி என்று கூப்பிடுவார்கள். மேல்வரிசையில் முன்பல் இரண்டு விழுந்து இன்னும் முளைக்கவில்லை. இடது செருப்பின் வார் அறுந்துபோய், ஊக்கு குத்திச் சேர்த்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது, ஆட்டிக்கொண்டே இருப்பாள். குதிகால் நாற்காலிக் கட்டையில் பட்டு டக், டக், டக் என்று தையல் மெஷின் மாதிரிச் சத்தம் வரும். அடுப்படியிலிருந்து வேலுத்தாய் திரும்பிப் பார்க்காமலே, "ஏட்டி, காலை ஆட்டாதே" என்பாள். சத்தம் நிற்கும். செத்த நேரம் கழித்து மறுபடி தொடங்கும்.

சங்கரலிங்கம் புரோகிராம் எழுதுகிறவன். எழுதுகிறவன் என்பதைவிடக் கோக்கிறவன் என்றால் சரியாக இருக்கும். தீப்பெட்டி எப்படி உருவாகிறது? குச்சி ஒரு ஊரில் அறுபடும், பெட்டி இன்னொரு ஊரில் வீடு வீடாக மடிபடும், மருந்து வேறெங்கோ கலக்கும், லேபிள் சிவகாசியில் அச்சாகும். குச்சி அறுத்தவனுக்குப் பெட்டி மடித்தவள் யாரென்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை, அளவு சரியாக இருந்தால் போதும். அவனுடைய புரோகிராமும் அப்படித்தான். தேதி பார்க்கிற பாகம் கோயம்புத்தூரில் ஒருவர் எழுதியது. காகிதத்தில் அச்சடிக்கிற பாகம் மதுரையில் ஒருவர் எழுதியது. ஆள் எண்ணுகிற பாகம் ஸ்ரீவில்லிபுத்தூர் நூர்பானு எழுதியது. எல்லாம் பிளாப்பியில் வரும், மூடி முத்திரை வைத்த மாதிரி வரும். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாது. கேட்பதும் தொழில் மரியாதை இல்லை. அது கேட்டதைக் கொடுக்க வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு தடவை வாங்கினால் நூறு இடத்தில் போடலாம். தனித்தனியே கிடக்கும்வரை எதுவும் பற்றிக்கொள்ளாது.

இந்தத் தடவை கோத்தது சத்திரப்பட்டி ரோட்டில் கண்ணுச்சாமி முதலாளியின் பேண்டேஜ் துணிக் கம்பெனிக்காக, நாற்பத்திரண்டு பெண்களின் வருகைப் பதிவு. ஒவ்வொரு பெயராகத் திரையில் வரும். ஆள் வந்திருந்தால் ஒரு பட்டனைத் தட்ட வேண்டும். கடைசியில் மொத்தம் எத்தனை பேர் என்று நூர்பானுவின் பாகம் சொல்லும். கம்பெனிக்குக் கொண்டுபோகுமுன் வீட்டில் ஓட்டிப் பார்க்கப் பெயர்கள் வேண்டியிருந்தன. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் செய்வதையே அவனும் செய்தான். கைக்கு முதலில் வந்த பெயர்களை, வீட்டார் பெயர்களை, அடித்துப் போட்டான்.

பட்டன் தட்டும் உத்தியோகம் பூரணிக்கு. குரலை டீச்சர் மாதிரி இறுக்கிக்கொண்டு பெயர் வாசித்தாள். நாலு பேரும் இருந்த இடத்திலிருந்தே "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள்.

"அஞ்சுப்பா."

"நாலுட்டி."

"அஞ்சுன்னுதான் போட்டிருக்கு."

கட்டிலில் கிடந்த ஐயாதுரை, முப்பது வருஷம் மில்லில் வேலை பார்த்துப் பாதிக் காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர், இதை மட்டும் சரியாகக் கேட்டுவிட்டார். "நான் ஒருத்தனே ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுதேன்லா மாப்ளே. பெட்டி கண்டுபிடிச்சிருச்சு."

மறுபடி ஓட்டினார்கள். ஐந்து. மூன்றாம் தடவையும் ஐந்து.

"அவிய பேரையும் போடுங்கப்பா," என்றாள் பூரணி.

"எவிய பேரை?"

அவள் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கைத் தாடையால் காட்டினாள். "அங்கன நிக்காவள்லா. பேர் கேட்டேன். இல்லைன்னுட்டாவ."

சங்கரலிங்கம் திரும்பிப் பார்த்தான். மூன்று நாள் மழையில் காயாத துணிகள் அந்த மூலைக் கொடியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்து ஈரமும் சோப்பும் கலந்த ஒரு புளித்த வாசத்தை விட்டுக்கொண்டிருந்தன, அதன் கீழே ஒரு குடை சாய்ந்திருந்தது, குடையிலிருந்து வழிந்த தண்ணீர் தரையில் ஒரு கோடாக ஓடி, ஓரிடத்தில் எதையோ சுற்றிக்கொண்டு போகிற மாதிரி இரண்டாகப் பிரிந்து, மறுபடி ஒன்றாகச் சேர்ந்து வாசல் பக்கம் போயிருந்தது. பிரிந்த இடத்தில் தரை காய்ந்திருந்தது. இரண்டு பாதம் அகலத்துக்கு.

தரை மேடு பள்ளம் என்று நினைத்தான்.

தப்பு எங்கே என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்களில் சைபரிலிருந்து எண்ணுகிறவர்கள் ஒரு கூட்டம், ஒன்றிலிருந்து எண்ணுகிறவர்கள் ஒரு கூட்டம். ஒரு கூட்டத்தார் எழுதிய பாகத்தை இன்னொரு கூட்டத்தார் கோத்தால் விடையில் ஒன்று கூடும், அல்லது குறையும். ஊர் உலகமெல்லாம் நடக்கிற தப்பு. நூர்பானுவின் பிளாப்பி லேபிளில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: "எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளவும். திருத்த வேண்டாம்." எழுதினவர்களுக்கெல்லாம் இருக்கிற கர்வம் என்று அவன் அதை ஒதுக்கினான். அவளுடைய விடையிலிருந்து ஒன்றைக் கழிக்கும்படி ஒரே ஒரு வரி சேர்த்தான். அந்த வரியோடு சேர்த்துப் புதுப் பாகமாகக் கட்டி, வீட்டுச் சோதனையிலும் கம்பெனி புரோகிராமிலும் அதையே போட்டான்.

பூரணி மறுபடி பெயர் வாசித்தாள். நாலு.

"அவியளுக்குக் கோவம் வந்துரும்பா."

"வந்தா எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லு," என்றான் சங்கரலிங்கம்.

அந்தப் பேச்சு முடிவதற்குள் கரண்ட் போனது. யூபிஎஸ் கீச், கீச் என்று நாலு தடவை கத்தியது. பிறகு, விட்டு, ஒரு தடவை. அத்தோடு அதன் உயிர் போய்விட்டது. மறுநாள் அதை ரிப்பேருக்குக் கொடுத்தார்கள். புதன்கிழமை மத்தியானம் கொண்டுவந்து மாட்டித் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். அதுவரை வீட்டில் யாரும் கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

திங்கட்கிழமை காலை சங்கரலிங்கம் கம்பெனிக்குப் போனான். உள்ளே நுழைந்ததும் வெளுப்புத் தொட்டியின் காரமும் புதுத் துணியின் கஞ்சி வாசமும் மூக்கின் அடியில் வந்து உட்கார்ந்துகொண்டன. நீள மேசையின் இரு பக்கமும் பெண்கள் நெருக்கிப் பிடித்து உட்கார்ந்து, ஆளுக்கொரு சின்னக் கைமெஷினைச் சுற்றித் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை கைப்பிடிகளும் சேர்ந்து, பெரிய மரக்கதவு ஒன்று முடிவில்லாமல் திறந்துகொண்டே இருக்கிற மாதிரி முனகின.

ஐம்பது வயசிருக்கும் அய்யம்மாள்தான் அவனுக்குக் கடுங்காப்பி கொடுத்தாள், தன்னுடைய டம்ளரிலேயே. மாறிவிடக் கூடாது என்று அதன் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தாள். புருவமெல்லாம் பஞ்சுத் தூசி.

"ஏலே கம்பியூட்டரு, எம் பேரை ஒழுங்காப் போட்டியா? ரேஷன் கார்டுல வெறும் அம்மாள்னு போட்டு வச்சிருக்கானுவ. எந்த ஊரு அம்மாள்னு கடைக்காரன் சிரிக்கான்."

"பதினேழாவதா இருக்கீங்கக்கா. அய்யம்மாள்னு முழுசா."

"பாப்போம், உம் பெட்டியாவது என்னை மனுசியா மதிக்கான்னு."

அன்றைக்கு வருகை நாற்பத்திரண்டு. சரியான விடை. காகிதத்தில் அச்சடித்து முதலாளியிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

புதன்கிழமை பிரிண்டரில் ரிப்பன் சிக்கிக்கொண்டதென்று கூப்பிட்டார்கள். ரிப்பனை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தான். வருகை நாற்பத்தொன்று. நேற்றைய விடையையும் பார்த்தான். நாற்பத்தொன்று.

"யாரு லீவு?" என்று சூப்பர்வைசர் இருளப்பசாமியைக் கேட்டான்.

"ஒருத்தரும் லீவு இல்லியே. நாப்பத்தியோரு பேர். கரெக்டாத்தான காட்டுது."

"நாப்பத்திரண்டு பேர்லா அண்ணாச்சி."

"என்னைக்கு? எப்பவும் நாப்பத்தியொண்ணுதான் தம்பி."

பெயர்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தான். அவனே உட்கார்ந்து அடித்த பெயர்கள். நாற்பத்தொன்று இருந்தன. பையிலிருந்த திங்கட்கிழமைக் காகிதத்தை எடுத்து விரித்தான். நாற்பத்திரண்டு. பதினேழாவது பெயர் அய்யம்மாள்.

"இவிய எங்க?"

இருளப்பசாமி காகிதத்தை வாங்கித் தூரத்தில் பிடித்து வாசித்தார். "அப்பிடி யாரும் இங்க வேலை பாக்கலியே. வேற கம்பெனி லிஸ்டு கலந்திருச்சோ?"

சங்கரலிங்கம் மேசைப் பக்கம் போனான். நெருக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்த வரிசையில் ஓரிடத்தில் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் பலகை தெரிந்தது. இரண்டு பக்கத்துப் பெண்களும் முழங்கையை ஒடுக்கிக்கொண்டு, அந்த இடத்தில் படாமல், படாமல் இருக்கிறோம் என்பதையே அறியாமல் வேலை பார்த்தார்கள். அவர்களிடம் கேட்டான். ஒருத்தி உதட்டைப் பிதுக்கினாள். இன்னொருத்தி, "நான் வந்த நாள்ல இருந்து இங்கன காலியாத்தான் கெடக்கு," என்றாள். அலமாரியில் டம்ளர்களைக் கவிழ்த்தி வைத்திருந்தார்கள். கடைசி டம்ளரின் கழுத்தில் சிவப்பு நூல்.

காப்பி கொடுத்த கையை அவன் நினைவுபடுத்திப் பார்த்தான். கை வந்தது. கண்ணாடி வளையல் இரண்டு வந்தன. மேலே முகத்துக்குப் போனால் வெள்ளையாக இருந்தது, கஞ்சி போட்ட துணி மாதிரி.

அப்போதுதான் அந்தக் கணக்கு அவனுக்கு உறைத்தது. திரை காட்டிய நாற்பத்தொன்று, அவன் ஒன்றைக் கழித்த பிறகு வருவது. அப்படியென்றால் நூர்பானுவின் பாகம் நாற்பத்திரண்டு என்று எண்ணியிருக்கிறது. நாற்பத்தொரு பேர்தான் இருக்கிற இடத்தில், இப்போதும், ஒருவர் கூடுதல்.

காலியான இடத்தில் இருந்த கைமெஷினின் கைப்பிடி அரைச் சுற்று சுற்றி நின்றது.

பக்கத்துப் பெண் நிமிரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் போகிற வழியில், மதார் சாகிபின் குடைக்கடைக்கு மாடியில் அவர் மகள் நூர்பானுவின் கம்ப்யூட்டர் சென்டர். சங்கரலிங்கம் படி ஏறும்போது மணி மூன்றேகால். நூர்பானு கணக்கில் பட்டம் வாங்கியவள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவள் எழுதிய பாகம் தப்பாய்ப் போனதாக யாரும் சொன்னதில்லை. அவன் சொல்வதைக் கேட்கும்போது ஆரம்பத்தில் தட்டச்சை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஒண்ணு கூடக் காட்டுதுன்னா சொல்றீங்க? கூடலண்ணே. இருக்கிறதைத்தான் சொல்லுது."

"வீட்டுல நாங்க நாலு பேர்தானம்மா."

"எங்க வீட்டுல ஆறு பேர். ஏழுன்னு சொல்லுச்சு. மூணு நாளா நானும் தப்பைத் தேடினேன். எந்தத் தப்பும் இல்ல. பொறவு ஏழாவது வரியில 'இன்னொருவர்'னு போட்டு விட்டேன். அதுபாட்டுக்குச் சும்மா இருக்கு."

"எல்லா வீட்டுலயுமா அப்பிடி இருக்கும்?"

"எல்லா வீட்டுலயும் எண்ணிப் பாத்தவுக யாரு?" என்றாள் நூர்பானு.

கீழே கடையில் மதார் சாகிப் ஒரு குடையை விரித்து மடக்கும் சத்தம் கேட்டது. சங்கரலிங்கம் தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"நான் விடையில ஒண்ணைக் கழிச்சிட்டேன்."

தட்டச்சு நின்றது.

"எந்த ஒண்ணை?"

"எந்த ஒண்ணைன்னா... சும்மா ஒண்ணு."

"அதுக்குப் பேரே இல்லியேண்ணே. பேர் இல்லாததை எப்பிடிக் கழிக்க முடியும்? ஒண்ணு போயாகணும்னு நீங்க சொல்லிட்டீங்க. அப்போ பேர் இருக்கிற ஒண்ணுதான் போகும்." அவள் குரல் தாழ்ந்தது. "லேபிள்ல எழுதியிருந்தேனே."

அவன் வாய்விட்டு எண்ணினான். திங்கள் முதல் தடவை, நாற்பத்திரண்டு, எல்லாரும் இருந்தார்கள். செவ்வாய் இரண்டாம் தடவை, நாற்பத்தொன்று. இரண்டாவது தடவை பெயர் வாசிக்கும்போது எடுத்துக்கொள்கிறது.

"அதே பாகத்தை வேற எங்கயும் போட்டிருக்கீங்களா?"

"வீட்டுல. சோதனைக்கு. ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு தடவை ஓடுச்சு."

"யாரு பேரைப் போட்டு?"

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று நாற்பது. மத்தியானமே யூபிஎஸ் வந்திருக்கும். பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடும். பூரணி நாலேகாலுக்கு வீட்டுக்கு வருவாள், பையைப் போடுவாள், நாற்காலியில் ஏறுவாள், பட்டனை அமுக்குவாள், டீச்சர் மாதிரிக் குரலை இறுக்கிக்கொண்டு பெயர் வாசிப்பாள்.

"அந்த வரியை எடுத்துருங்கண்ணே," என்றாள் நூர்பானு. அவன் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தான்.

எஸ்டிடி பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை. ராஜபாளையம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பின்படியில் தொற்றினான்.

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல்களுக்கெல்லாம் தார்ப்பாயை இறக்கிவிட்டதில் பஸ்ஸுக்குள் நாலு மணிக்கே மசங்கல். ஈரத் தலைகளும் டீசலும் யாரோ மடியில் வைத்திருந்த மல்லிகைப்பூவும் கலந்து நாறியது, என்ஜினின் உறுமல் காலடித் தகட்டின் வழியாக முழங்கால்வரை ஏறிற்று. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் மகளைக் கட்டிப் பிடித்து வைத்திருந்தான். பரிபூரணம். ஏழு வயசு. மேல்பல் இரண்டு இல்லை. இடது செருப்பில் ஊக்கு. காலை ஆட்டுவாள். பரிபூரணம். ஏழு வயசு.

வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. பஸ் நின்றது.

நாலு இருபது. ரயில் வரவில்லை. நாலு இருபத்தைந்து. டிரைவர் என்ஜினை அணைத்தார். மழை தகரக் கூரையில் ஆயிரம் விரல்களால் தட்டியது. அவனுக்குப் படியிலிருந்து குதித்து ஓட வேண்டும் போலிருந்தது. ஆறு கிலோமீட்டர். பரிபூரணம். ஏழு வயசு. மேல்பல்லா, கீழ்ப்பல்லா?

மேல்பல்.

இடது செருப்பா, வலதா?

சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தான். இடது உள்ளங்கையில் பூரணி என்று அழுத்தி எழுதினான். கையை மூடிக்கொண்டான்.

ரயில் போனது. பெட்டி பெட்டியாக, மெதுவாக. அவன் எண்ணவில்லை. எண்ண மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டான். கேட் திறந்தது. நாலு முப்பத்தைந்து.

ஒற்றைச் சடையா, ரெட்டைச் சடையா?

தெரியவில்லை.

குரல் எப்படி இருக்கும்?

மழைச் சத்தம்தான் கேட்டது.

ஏழு வயசு. யாருக்கு?

"எதுக்குண்ணே படியிலயே நிக்கீங்க, உள்ள வாங்க," என்றார் கண்டக்டர். "அப்பிடி என்ன அவசரம்?"

சங்கரலிங்கம் யோசித்தான். முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மழைதான் என்று துடைத்தான். "வீட்டுல ஒரு வரியை அழிக்கணும்," என்றான்.

"வரியா?"

"கம்ப்யூட்டர்ல. ஒரு சின்னத் தப்பு."

கண்டக்டர் சிரித்துவிட்டு முன்பக்கம் போனார். சங்கரலிங்கமும் உள்ளே வந்து, கிடைத்த சீட்டில் உட்கார்ந்தான். நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஓடிவந்து ஏறினதாக இருக்கும்.

வீட்டுக்குப் போகும்போது மணி ஐந்து. வாசலில் ஒரு ஜோடி சின்னச் செருப்பு கிடந்தது, இடது காலில் ஊக்கு குத்தியிருந்தது. தாண்டிக்கொண்டு போனான்.

"யாரு செருப்புட்டி இது வாசல்ல?"

"எதிர்வீட்டுப் பிள்ளையதா இருக்கும்," என்றாள் வேலுத்தாய் அடுப்படியிலிருந்து. "கை கால் கழுவிட்டு வாங்க, காப்பி போடுதேன்."

முற்றத்துக் குழாயில் கை கழுவும்போதுதான் பார்த்தான். உள்ளங்கையில் பேனா மையால் பூரணி என்று எழுதியிருந்தது. மழையில் பாதி கலைந்திருந்தது. அவன் கையெழுத்துதான். புதுசாக வேலை கொடுக்கிற யாராவது சொன்ன பெயராக இருக்கும் என்று நினைத்தான். சோப்புப் போட்டுத் தேய்த்தான். மை சுலபத்தில் போகவில்லை. இரண்டாம் தடவையும் தேய்க்க வேண்டியிருந்தது.

முன்னறையில் ஐயாதுரை கட்டிலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிப்பேராகி வந்த யூபிஎஸ் முனகிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது, யார் போட்டார்கள் என்று அவன் கேட்கவில்லை. திரையில் மூன்று பெயர்கள். ஐயாதுரை, சங்கரலிங்கம், வேலுத்தாய். வருகை: மூன்று.

சரிதானே என்று நினைத்தான். வீட்டில் மூன்று பேர். விடை மூன்று.

ஆனால் எதையோ எடுக்க வேண்டும் என்று வந்தோமே. அந்த வரி. ஒன்றைக் கழிக்கிற வரி. அதைத் தேடி எடுத்தான். தொழிலில் சுத்தமான ஆள். நனைந்த வேட்டியோடு நின்றபடியே அழித்துவிட்டு, மறுபடி ஓட்டிப் பார்த்தான். மூன்று பெயருக்கும் மூன்று தடவை பட்டனைத் தட்டினான்.

வருகை: நாலு.

வேலுத்தாய் காப்பி கொண்டுவந்தாள். தட்டில் நாலு டம்ளர். அப்பாவுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. நாலாவதை நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியின்மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். ஏன் வைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

டக்.

காலி நாற்காலியின் கட்டையிலிருந்து வந்தது.

டக்.

கனமான சத்தம். விட்டு விட்டு. கால் ஆட்டிப் பழக்கம் இல்லாத ஒன்று, பார்த்ததை வைத்துப் பழகுகிற மாதிரி.

டக். டக்.

"ஏட்டி, காலை ஆட்டாதே," என்றாள் வேலுத்தாய் உள்ளேயிருந்து, திரும்பிப் பார்க்காமலே.

சத்தம் நின்றது.

ஐயாதுரை வாசலிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. முக்காலியில் இருந்த டம்ளரில் காப்பி ஒரு விரல் அளவு இறங்கியது. செத்த நேரம் கழித்து மறுபடி டக் என்றது. இப்போது திரையில், மூன்று பெயர்களுக்கும் கீழே, வெறுமையாக இருந்த நாலாவது வரியில் ஒரு கோடு மினுக்கியது. விசைப்பலகையில் ஒரு பட்டன் தானாக அமுங்கியது. மெதுவாக. மேலே வந்தது. அடுத்த பட்டன் அமுங்கியது.

ஒவ்வொரு டக்குக்கும் ஓர் எழுத்து.

ப.

ரி.

பூ.

சங்கரலிங்கம் கையில் டம்ளரோடு நின்று, சோப்பு வாசம் போகாத உள்ளங்கையால் அதைப் பொத்திக்கொண்டு, அந்தப் பெயர் எழுதி முடிவதைப் பார்த்தான். எங்கோ கேள்விப்பட்ட பெயராக இருந்தது.

சங்கரலிங்கத்தின் ரேஷன் கார்டில் பெயர் மூன்றுதான். அந்த வீட்டில் குழந்தை என்று ஒன்று ஒருநாளும் பிறந்ததில்லை.